தாளின் முதுகில் ஒரு முடிச்சு

லென்ஸ் அக்காவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கடையில் நிறுத்துப் போட்ட தக்காளியை எதிர்க்கடைத் தராசில் இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பாள். பால் பாக்கெட்டில் என்ன தேதி என்று கடைக்காரர் சொன்னால் போதாது, வெளிச்சத்தில் பிடித்து அவளே படிக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் யாராவது “இப்ப வந்துடும்” என்று வாயைத் திறந்துவிட்டால் தீர்ந்தது. அக்கா பார்க்கிற பார்வையில், அந்த மனிதர் அதற்கப்புறம் யாருக்கும் எந்தத் தகவலும் சொல்ல மாட்டார்.

அவள் கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. “கல்யாணத்தன்னைக்கே என் சட்டையைத் திருப்பிப் போட்டு உள்தையலைப் பாத்தவ நீ” என்று முப்பது வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறார். அக்கா அதை மறுத்ததில்லை. பார்த்தாள், தையல் சரியாகத்தான் இருந்தது, அதனால்தான் குடும்பம் நடக்கிறது என்பாள்.

அவள் வேலை பார்க்கும் இடத்தைத் தெருக்காரர்கள் ‘காய்ஞ்ச செடி ஆபீஸ்’ என்பார்கள். வாசல் பலகையில் தாவரக் காப்பகம் என்று இருக்கிறது. உள்ளே நுழைந்தால் அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும். நீள நீளமாக இரும்பு பீரோக்கள், அவற்றுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, கடைசியில் ஜன்னலோரம் அக்காவின் மேசை. வயலிலும் மலையிலும் பறித்து, செய்தித்தாளுக்கு நடுவே அழுத்திக் காயவைத்த செடிகள் அந்த மேசைக்குத்தான் கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொன்றையும் தடித்த வெள்ளைத் தாளில் கிடத்தி, பசையால் ஒட்டி, தண்டு தடித்த இடங்களில் ஊசி நூலால் தைத்து, வலது கீழ் மூலையில் லேபிள் ஒட்டுவாள். யார் பறித்தது, எங்கே, என்றைக்கு என்பதெல்லாம் லேபிளில் இருக்கும். தைத்தவர் பெயர் இருக்காது.

அந்த மேசைக்கு ஒரு விதி உண்டு. பூவோ காயோ விதையோ எது உதிர்ந்தாலும் எறியக் கூடாது. ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, எந்தத் தாளில் உதிர்ந்ததோ அந்தத் தாளின் மேல் மூலையிலேயே உறையை ஒட்டிவிட வேண்டும். உதிர்ந்ததைத் திரும்ப எடுத்துச் செடியில் வைத்துத் தைக்கக் கூடவே கூடாது. தைத்தால் அது செடி இல்லை, பொம்மை.

இருபத்துநாலு வருஷத்தில் அவள் கையால் போனவை முப்பதாயிரம் தாளாவது இருக்கும். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கும். அதை வைத்துப் பார்க்காமல் எதையும் ஒட்ட மாட்டாள். அந்த லென்ஸால் வந்த பேர்தான் லென்ஸ் அக்கா. பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதி அனுப்பிய லேபிளையே “இது மஞ்சப்பூன்னு போட்டிருக்கு, காஞ்சதுல ஊதா தெரியுதே” என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். பாதித் தடவை அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது. மீதிப் பாதியைப் பற்றி அவளிடம் யாரும் பேசுவதில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு நாலு வருஷத்துக்கு முன் வந்து சேர்ந்த ஆராய்ச்சிக்கார அம்மாவை முதலில் பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். சேறு காயாத பூட்ஸோடு உள்ளே வருவாள், சிரித்த முகம், எல்லாரையும் அக்கா அண்ணா என்பாள். காரணம் இல்லாமல் சிரிக்கிறவர்களை அக்கா ஓரடி தள்ளித்தான் வைப்பாள். ஆனால் அந்த அம்மா கையில் எடுத்த செடி அக்காவுக்குப் பிடித்த செடி. கிலுகிலுப்பை.

எல்லாருக்கும் தெரிந்த காட்டுச்செடிதான். மஞ்சள் பூ, அவரைப்பூ ஜாடை. காய் ஊதிப்போய் இருக்கும். முற்றினால் உள்ளே விதை கழன்றுகொள்ளும், ஆட்டினால் கிலுகிலுவென்று சத்தம் வரும். ஆனால் கிலுகிலுப்பை என்பது ஒரு செடி இல்லை, ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். சிலது இந்த மண்ணிலேயே பிறந்தவை. சிலது உரத்துக்கும் தீவனத்துக்கும் எங்கிருந்தோ கொண்டுவந்து விதைத்து, வேலி தாண்டி ஓடி, ரயில் பாதை ஓரமெல்லாம் சொந்த ஊர்போல நிற்பவை. எது நம்முடையது, எது வந்தேறி, நம்முடையதில் எத்தனை வகை என்று பிரிப்பதுதான் அந்த அம்மாவின் வேலை. அக்கா அவளை மேடம் என்பாள்.

பிரிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. செடியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பதுதான். இலை ஒற்றையா, மூன்று மூன்றா? காம்படியில் குட்டிச் செதில் உண்டா, இல்லையா? காயில் ரோமம் உண்டா, வழவழப்பா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு பாதை. கடைசியில் போய் நிற்கிற இடத்தில் ஒரு பெயர் இருக்கும். சந்தேகத்தையே தொழிலாகச் செய்கிற இந்த முறை அக்காவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நாலே மாதத்தில் இரண்டு பேரும் ஒரே தாளின் மேல் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தார்கள். இந்த மண்ணுக்கு உரியவை பதினாறு என்று கணக்கு வந்தது. அக்காவுக்குப் பதினாறும் மனப்பாடம்.

பதினேழாவது ஒன்று இருப்பதாக அரசல் புரசலாகக் காதில் விழுந்தது போன மாதம்தான். விழுந்ததே தவிர, யாரும் அவளிடம் நேராகச் சொல்லவில்லை. அங்கேதான் அவளுக்கு மூக்கில் வியர்த்தது.

நாலு வருஷமாக ஒவ்வொரு தாளையும் “அக்கா, இதப் பாருங்க” என்று தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், ஒரு தாளை மட்டும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அக்கா அறைக்குள் நுழைந்தால் கணினித் திரையை மாற்றினாள். காப்பாளரும் அவளும் சந்துக்குள் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மழை வருமா என்று பேச்சு மாறியது. மூன்று நாள் ஒரே மழையைப் பற்றிப் பேசினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

காப்பாளர் ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருப்பவர், பூனைமாதிரி நடப்பவர். ஒருநாள் ஒரு வெள்ளைக் காகிதத்தோடு அக்காவின் மேசைக்கு வந்தார்.

“அம்மா, உங்க முழுப் பேரு, இனிஷியலோட, தப்பில்லாம எழுதிக் குடுங்க. வேலைக்குச் சேந்த தேதியும் போடுங்க.”

“எதுக்கு சார்?”

“சும்மாதான்.”

“சும்மா கேக்கறதுக்கு எதுக்கு இனிஷியல்?”

அவர் கூரையைப் பார்த்தார். “ஆபீஸ் விஷயம்மா. எழுதிக் குடுங்க.”

அக்கா எழுதிக் கொடுத்தாள். தலைமையகத்தில் தாள் ஒட்டும் வேலையை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு இருந்தது. சரிதான், சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று முடிவு கட்டினாள். அதற்கும் அந்தப் பூட்டின தாளுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. அதில் என்னவோ தில்லுமுல்லு. அதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்றுதான் தன்னை முதலில் அனுப்பப் பார்க்கிறார்கள். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. பொருந்தாததை அவள் அடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேடம் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தாள். காப்பாளர் ஓர் அட்டைக்குள் ஒரு தாளை வைத்துப் பதவிசாக ஏந்திக்கொண்டு வந்தார்.

“மேடம் இத யாருகிட்டயும் குடுக்காதீங்கன்னாங்க. ஆனா மத்தியானம் போட்டோ எடுக்கணும். அடியில ஒரு ஒட்டு பிரிஞ்சிருக்கு. உங்களத் தவிர யாரு கைய வெப்பா? சட்டுனு ஒட்டிக் குடுத்துடுங்கம்மா. திங்கக்கிழமை மத்தியானம் கட்டுரை போகுது.”

அக்கா கதவைச் சாத்தினாள். தாளை விளக்கடியில் வைத்தாள். லேபிளில் முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஒரு மலை, ஒரு ஓடைக்கரை. மூன்று மூன்றாக இலை, காம்படியில் செதில் இல்லை, நாலைந்து வெளுத்த பூ, கீழே ஒரே ஒரு காய். அந்தக் காய் முழுக்க ரோமம். அவளுக்குப் புரிந்துவிட்டது. மூன்று இலைக்காரியின் காய் வழவழப்பாகத்தான் இருக்க வேண்டும். ரோமக் காய்க்காரிக்கு இலை ஒற்றை. இரண்டும் ஒரே செடியில் இருந்தால் கேள்விப் பாதை ஆளில்லாத இடத்தில் போய் முடியும். அதுதான் பதினேழு.

லென்ஸை எடுத்து அந்தக் காய்க்கு மேல் பிடித்தாள். காயின் காம்பு தண்டை ஒட்டி இருந்தது, தண்டிலிருந்து வரவில்லை. நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. அதை மறைக்கிற மாதிரி மேலே குறுக்கே ஒரு நூல். காயைத் தண்டில் கொண்டுவந்து வைத்து யாரோ தைத்திருக்கிறார்கள்.

“அடிப்பாவி” என்றாள் அக்கா, யாருமில்லாத அறையில், வாய்விட்டு.

நாலு வருஷம் அக்கா அக்கா என்று காலைச் சுற்றி வந்தவள் செய்கிற வேலையா இது! பேர் வாங்க வேண்டும் என்று ரோமக் காயைக் கொண்டுவந்து மூன்று இலையில் ஒட்டியிருக்கிறாள். அதனால்தான் பூட்டு, குசுகுசு, மழை. அக்காவுக்குக் கோபம் வந்தது, கூடவே வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது. தன் சந்தேகம் பலித்துவிட்ட சந்தோஷம். அதை மறைப்பதற்கில்லை.

ஆதாரம் வேண்டும். நேற்றுத் தைத்த நூல் வெள்ளையாக இருக்கும், பழைய நூல் பழுத்திருக்கும். செடிக்குமேல் மெல்லிய காகிதமும் அட்டையும் வைத்து, தாளோடு சேர்த்துப் பிடித்து மெதுவாகக் கவிழ்த்தாள். முன்பக்கம் நூல் குறுக்கே போகிற கோடுதான் தெரியும், முடிச்செல்லாம் முதுகில்தான். காய்க்கு நேர் பின்னால், முடிச்சை மூடி ஒரு சின்னக் காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ஈரப் பஞ்சை அதன் மேல் வைத்து, ஊறின பிறகு தூக்கினாள்.

நூல் பழுத்து, டீத்தூள் நிறத்தில் இருந்தது. இருபது வருஷத்துக்குக் குறையாது.

அப்படியென்றால் மேடம் இல்லை. அவள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். ஒரு குற்றவாளி கையை விட்டுப் போனதில் அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அப்போ யார்? தனக்கு முன் இந்த மேசையில் இருந்த பெரியவரா? அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தைப்பார் என்று கேள்வி. லென்ஸை முடிச்சின் மேல் கொண்டுபோனாள்.

இரண்டு சுற்று, வளையத்துக்குள் விட்டு ஓர் இழுப்பு. தையற்கடை முடிச்சு. சுற்று போயிருந்த திசை, இடமிருந்து வலமாக இல்லை. எதிர்த்திசை.

அக்காவுக்கு இடது கைப் பழக்கம். இந்த மேசையின் வலதுபக்கம் ஆணியடித்து வைத்திருந்த பசைக் கிண்ணத்தைப் பிடுங்கி இடதுபக்கம் வைப்பதற்குள் அந்தக் காலத்தில் ஒரு சண்டையே நடந்தது. வேலை கிடைத்த வாரம் முன்னறையில் உட்காரவைத்து இந்த முடிச்சைக் கற்றுக்கொடுத்தவர் கணவர்தான். “நான் கிழக்கால சுத்துனா நீ மேற்கால சுத்துறியே” என்று சிரித்தார். இந்தக் காப்பகத்தில் முன்னும் பின்னும் இந்த முடிச்சைப் போட்டவர் வேறு யாரும் கிடையாது.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லேபிள் தேதியைப் பார்த்து ஏமாந்துவிட்டாள். செடி பறித்தது முப்பத்தொரு வருஷத்துக்கு முன். ஆனால் பறித்த கட்டு ஏழெட்டு வருஷம் பிரிக்காமல் மூலையில் கிடப்பது இங்கே வழக்கம். புதிதாகச் சேர்ந்தவளுக்குக் கை பழகட்டும் என்று அந்தப் பழைய கட்டுகளைத்தான் கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நினைவு வந்தது. அப்போதிருந்த தலைமை ஆள் பொல்லாதவர். சாயங்காலம் உறைகளை எண்ணுவார். உறை நிறைய இருந்தால் நிறைய உதிர்ந்திருக்கிறது, கை சரியில்லை என்று அர்த்தம். சேர்ந்து மூன்றாவது வாரம். மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாள். யாரோ மின்விசிறியைத் தட்டிவிட்டார்கள். இரண்டு செடியிலிருந்தும் ஒவ்வொரு காய் உருண்டு மேசை நடுவில் கிடந்தன. அவளுக்கு அப்போது ரோமமும் தெரியாது, வழவழப்பும் தெரியாது. காய் காய்தானே. ஒன்றை ஒரு தாளில் வைத்துத் தைத்தாள். இன்னொன்றைத் தைப்பதற்குள் தலைமை ஆளின் இருமல் கேட்டது. அதை மற்றத் தாளின் உறைக்குள் தள்ளினாள். கணக்கில் ஓர் உறை குறைந்தது. அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பெரிய வெற்றியாக இருந்தது.

எழுந்துபோய் ரோமக் காய்க்காரியின் பீரோவைத் திறந்தாள். அதே மலை, அதே தேதி, அதே ஆள் பறித்த தாள் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒற்றை இலை. காம்பு ஒன்று காயில்லாமல் மொட்டையாக நின்றது. மேல் மூலையில் உறை. பிரித்தாள். உள்ளே ஒரு காய், துளி ரோமம் இல்லாமல் வழவழவென்று. கையில் எடுத்தபோது அது கிலுகிலுத்தது.

நாலு மணிக்குக் காப்பாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேடம் கூட்டத்திலிருந்து திரும்பியிருந்தாள். மேசையில் மூன்று டீ. சீட்டைக் கிழிக்கிறவர்கள் டீ வாங்கி வைக்க மாட்டார்களே என்று அக்கா நினைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். வாயைத் திறப்பதற்குள் மேடம் முந்திக்கொண்டாள்.

“அக்கா, ஒரு மாசமா உங்ககிட்ட மறைச்சு மறைச்சு எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. உங்க கண்ணுக்குத் தப்பி இந்த ஆபீஸ்ல ஒரு ரகசியத்தைக் காப்பாத்த முடியுமா?” என்று திரையைத் திருப்பினாள். “புதுச் செடிக்கு உங்க பேர வெச்சிருக்கேன்.”

அக்கா படித்தாள். அவள் எழுதிக் கொடுத்த பெயர்தான். புது வகையின் பெயருக்குள் அது உட்கார்ந்திருந்தது. கீழே இரண்டு வரி: இருபத்துநாலு வருஷமாக இந்தக் காப்பகத்தின் ஒவ்வொரு தாளையும் பழுதில்லாமல் காத்த கைகளுக்கு நன்றியாக.

“பாத்தீங்களா, பேச்சே வரல” என்றார் காப்பாளர். “நான் சொன்னேன்ல, அழுதுடுவாங்கன்னு.”

அக்கா அழத்தான் செய்தாள். டீயைக் குடிக்கவில்லை.

சனிக்கிழமை அவள் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு சட்டைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தார். பாதிவரைக்கும் கேட்டவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். “செடிக்கு உன் பேரா? உலகத்துல எல்லா புத்தகத்துலயும் வருமா?”

“வரும். முழுசாக் கேளுங்க.”

முழுதும் கேட்டார். பிறகு துணியின் ஓரத்தை விரலால் நீவினார். பேர் சொல்ல ஒரு பிள்ளை இல்லாத வீடு அது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகிறது.

“தாளோட முதுக யாரு திருப்பிப் பாக்கப் போறாங்க?” என்றார் கடைசியில்.

“நான் பாத்துட்டேனே.”

“நீ பாத்தா என்னவாம்?”

“என்னங்க, மேடம் அந்த மலைக்கு மூணு தடவை ஏறியிருக்காங்க. ஒரு தடவை கால் பிசகி வந்தாங்க. இந்தச் செடியத் தேடித்தான்னு இப்பப் புரியுது. இல்லாத செடிய. நாளைக்குப் புத்தகத்துல வந்துட்டா, இன்னும் எத்தனை பேரு ஏறுவாங்க? என் பேரச் சொல்லிட்டே தேடுவாங்க.”

அவர் கத்தரியை எடுத்தார், வெட்டவில்லை. “இடதுகை வலதுகை மாத்தித் தச்ச சட்டைய ஒருதடவை வாடிக்கைக்காரர் போட்டுப் பாத்து, சரியா இருக்குன்னுட்டுப் போயிட்டாரு. எனக்குத் தூக்கம் வரல. மறுநாள் அவரு வீட்டுக்கே போய் வாங்கிட்டு வந்தேன்” என்றார். “சொல்லிடு. ஆனா, ஒரே ஒரு நாள், நாளைக்கு மட்டும், அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் பேர் அந்த வீட்டில் இருந்தது. அவர் அதை இரண்டு தடவை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டார்.

திங்கள்கிழமை எட்டு மணிக்கே அக்கா மேடத்தின் மேசையில் இரண்டு தாளையும் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். ஒன்று கவிழ்ந்திருந்தது. மேடம் வந்தவள் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

“கட்டுரையை அனுப்பாதீங்க மேடம். இந்தக் காய் இந்தச் செடியோடது இல்ல.”

லென்ஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். இடைவெளி, நூல், முடிச்சு, மொட்டைக் காம்பு, உறைக்குள் இருந்த காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். மேடம் ரோமக் காயின் காம்பு முனையையும் மொட்டைக் காம்பையும் லென்ஸில் மாறி மாறிப் பார்த்தாள். உடைந்த வாய் இரண்டும் பொருந்தின.

“யாரு தச்சது?” என்றாள், நிமிராமல்.

“நான்தான். சேந்த மூணாவது வாரம். கை சரியில்லன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்து தச்சேன்.”

“எப்ப கண்டுபிடிச்சீங்க?”

“வெள்ளிக்கிழமை காலையில.”

“அப்ப சாயந்தரம் நான் சொன்னப்ப உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

மேடம் லென்ஸை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தாள். “நாலு வருஷம்க்கா” என்றாள். “நாலு வருஷத்துல கெடைச்ச ஒரே புதுச் செடி.” எழுந்து ஜன்னல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பினாள். “காய் ஒட்டியிருக்குன்னு முதல்ல பாத்தப்ப என்ன நெனச்சீங்க? உண்மையச் சொல்லுங்க.”

அக்காவுக்குப் பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. “நீங்கதான் ஒட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

மேடத்தின் முகம் சுருங்கியது. செடி போனதற்குக்கூட அப்படிச் சுருங்கவில்லை.

“வெளியிலேர்ந்து வர்ற ஒவ்வொரு ஷீட்டையும் நான் திருப்பிப் பாப்பேன்” என்றாள். “ஒட்டு இருக்கா, தையல் இருக்கான்னு. இங்க இருக்கறத மட்டும் திருப்பினதே இல்ல. லென்ஸ் அக்கா பாத்த எடம், இனி நாம என்ன பாக்கறதுன்னு இருந்துட்டேன். நான் உங்கள ஒரு நாள்கூட சந்தேகப்படல. அதான் நான் பண்ண தப்பு.”

அக்காவுக்கு நெஞ்சில் நேராக வந்து இறங்கியது அந்த வார்த்தை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

காப்பகத்தில் எதையும் கிழிக்கக் கூடாது. தப்பான லேபிளும் அப்படியே இருக்கும். அதற்கு மேலே, திருத்தியவர் பெயரோடு ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவார்கள். மேடம் ஒரு சீட்டை எடுத்து எழுதினாள்: இத்தாளில் இருப்பது ஒரு செடி அல்ல, இரண்டு. இலையும் பூவும் ஒன்றினுடையவை, காய் மற்றொன்றினுடையது. கண்டறிந்தவர் என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சீட்டை அக்காவின் பக்கம் தள்ளினாள். அதில் மரியாதை எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது.

“உங்க பேரப் போடுங்க. இனிஷியலோட.”

அந்த இடத்தில் படித்தவர்கள் மட்டும்தான் கையெழுத்துப் போடுவார்கள். அக்கா இடது கையால் தன் முழுப் பெயரை எழுதி, தேதியும் போட்டு, பசை தொட்டு ஒட்டினாள். முப்பதாயிரம் தாளில் அவள் பெயர் ஏறின முதல் தாள் அது.

பிறகு பதிவேட்டை எடுத்து, தான் சேர்ந்த வருஷத்துப் பக்கத்தைத் திறந்தாள். முதல் வருஷம் அவள் தைத்தவை நானூற்றுப் பன்னிரண்டு தாள். எண்களை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு சந்துக்குள் போய் முதல் பீரோவைத் திறந்தாள். கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அவள் மேசைக்கு எதிரே மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

“நீங்க பாருங்க” என்றாள். “நீங்க பாத்து முடிச்சத எல்லாம் நான் இன்னொரு தடவை பாப்பேன்.”

இருபத்துநாலு வருஷத்தில் அக்காவின் கையை நம்பாமல் எதிரே உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். வலித்தது. அக்கா லென்ஸைக் கழற்றி இரண்டு பேருக்கும் நடுவில் மேசைமேல் வைத்துவிட்டு, முதல் தாளைக் கவிழ்த்தாள்.